67 வாட்ஸ் சார்ஜரும் மாதக் கரண்ட் பில்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் வீட்டில் இப்போது மூன்று நான்கு சார்ஜர்களாவது கிடக்கும். பழைய போனுக்கு வந்தது ஒன்று, புதிய போனுக்கு வந்தது ஒன்று, கடையில் தனியாக வாங்கியது ஒன்று. இவை போதாது என்று கம்ப்யூட்டரிலேயே நான்கைந்து யு.எஸ்.பி. போர்ட்கள். எந்த சார்ஜரில் எந்த போனைப் போடலாம்? பெரிய சார்ஜர் அதிகக் கரண்ட் இழுக்குமா? கம்ப்யூட்டரில் போட்டு சார்ஜ் செய்தால் கரண்ட் மிச்சமா? இந்தக் கேள்விகளை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வாயால் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் வில்லியனூரில் ஒரு வீட்டில் மீட்டர் முன்னால் நின்று அளந்து காட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

தலைக்கு 50 ரூபாய்

அந்த வீட்டில் கீழே வீட்டுக்கார அக்கா குடும்பம். மாடி அறையில் மூன்று இளைஞர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டு தளத்துக்கும் ஒரே மீட்டர். கரண்ட் வாடகையோடு சேர்ந்தது. ஒரு வருடமாகப் பிரச்சினை எதுவும் இல்லை. ஒரு மாதம் பில் 26 யூனிட் கூடி வந்தது. அதே சமயத்தில் மூவரும் புது போன் வாங்கியிருந்தார்கள். கூடவே வந்த சார்ஜர்களில் "67 வாட்ஸ்" என்று அச்சிட்டிருந்தது.

அக்காவின் மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். அவன் கணக்குப் போட்டான். மூன்று சார்ஜர், தலா 67 வாட்ஸ், மொத்தம் 201 வாட்ஸ். இரவு 8 மணி நேரம் செருகியிருந்தால் 1.6 யூனிட். மாதம் 48 யூனிட். "பாரு தம்பி, அந்தக் காலத்து அறுபது வாட்ஸ் குண்டு பல்பு மூணு விடிய விடிய எரியற மாதிரி இருக்கு" என்றார் அக்கா. போனால் போகிறது என்று தலைக்கு மாதம் 50 ரூபாய் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். முடியாவிட்டால் வேறு அறை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கான்ட்ராக்ட் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. "அண்ணா, போன் சார்ஜுக்கு இவ்வளவு ஆகுமா? நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள்.

அந்த வீட்டுக்கு நான் புதியவன் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் அக்கா மகனுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்திருந்தேன்.

மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு

வாட்ஸ் என்பது ஒரு கருவி ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக மின்சக்தியை எடுக்கிறது என்பதைக் குறிக்கும். யூனிட் என்பது மொத்தமாக எவ்வளவு எடுத்தது என்பதைக் குறிக்கும். 1,000 வாட்ஸ் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 100 வாட்ஸ் கருவி 10 மணி நேரம் ஓடினாலும் 1 யூனிட். நமக்குப் பில் வருவது யூனிட்டுக்குத்தான், வாட்ஸுக்கு அல்ல.

இதை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு எலக்ட்ரானிக் மீட்டரின் முன்பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே ஒரு எண் இருக்கும். அக்கா வீட்டு மீட்டரில் 3200 என்று இருந்தது. அந்த விளக்கு 3,200 முறை சிமிட்டினால் 1 யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். உங்கள் மீட்டரில் 1600 அல்லது 6400 என்றும் இருக்கலாம்.

3200 என்றால் கணக்கு மிக எளிது. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 1,125 என்ற எண்ணை அந்த நொடிகளால் வகுத்தால் அப்போது ஓடும் வாட்ஸ் கிடைத்துவிடும். 1600 மீட்டராக இருந்தால் 2,250 என்ற எண்ணை வகுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்தோம். ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்தோம். ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றினோம். வீட்டில் எதுவும் ஓடவில்லை, மீட்டர் சிமிட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அக்காவின் மகன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு போன், இரண்டு சார்ஜர்

மூவரில் இருவரிடம் ஒரே மாடல் போன் இருந்தது. இரண்டிலும் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி. முந்தைய இரவு சார்ஜ் போடாமல் இரண்டையும் 5 சதவீதத்துக்கு இறங்க விட்டிருந்தார்கள்.

முதல் போனை 67 வாட்ஸ் சார்ஜரில் போட்டோம். முதலில் 17 நொடிக்கு ஒரு சிமிட்டல். அதாவது சுமார் 66 வாட்ஸ். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், "நான் சொல்லலையா" என்பது போல. ஆனால் கால் மணி நேரம் கழித்து 30 நொடி ஆயிற்று. பிறகு ஒரு நிமிடம். போன் நூறைத் தொட்டபின் எவ்வளவு நின்றும் சிமிட்டலைக் காணோம். மொத்தச் சிமிட்டல்கள் 78.

அடுத்து இரண்டாவது போனை என் பழைய 10 வாட்ஸ் சார்ஜரில் போட்டோம். 94 நொடிக்கு ஒரு சிமிட்டல். சுமார் 12 வாட்ஸ். போனுக்கு 10 வாட்ஸ் கொடுக்க சார்ஜர் சுவரிலிருந்து கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மகனும் நானும் முறை வைத்துக் காவல் இருந்தோம். மொத்தச் சிமிட்டல்கள் 81.

78 எங்கே, 81 எங்கே! கிட்டத்தட்ட ஒன்றேதான். 3,200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்றால் 80 சிமிட்டல் என்பது யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது இந்த போனை 40 முறை முழுதாக சார்ஜ் செய்தால் 1 யூனிட்.

காரணம் எளிது. போனின் பேட்டரி ஒரு குடம் போன்றது. பெரிய குழாயில் பிடித்தால் சீக்கிரம் நிரம்பும், சின்னக் குழாயில் பிடித்தால் மெதுவாக நிரம்பும். குடம் கொள்ளும் தண்ணீர் ஒன்றுதான். 5,000 எம்.ஏ.எச். பேட்டரியை அதன் வோல்டேஜான 3.85 ஆல் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி வரும். சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் சுமார் 25 வாட் மணி. யூனிட்டில் சொன்னால் 0.025.

தினமும் ஒரு முறை முழுதாக சார்ஜ் செய்தாலும் மாதத்துக்கு 0.75 யூனிட். ஒரு யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் பில்லில் இருக்கும் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு போனுக்கு மாதம் 4 ரூபாய்க்குள். மூன்று போனுக்கு 2.25 யூனிட், 11 ரூபாய் சொச்சம். அக்கா கேட்டது 150 ரூபாய்.

சார்ஜர் தள்ளுவதில்லை, போன்தான் எடுக்கிறது

"அப்போ அதுல 67 வாட்ஸ்னு போட்டிருக்கிறது பொய்யா?" என்று கேட்டான் மகன். பொய்யில்லை. அது அதிகபட்சம் இவ்வளவு தர முடியும் என்ற எல்லை. எவ்வளவு எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது போன்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் பயிர் வைப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மடையைத் திறக்கும் அளவுக்குத்தான் வயலுக்குள் வரும். வயல் நிரம்பியதும் மடையை அடைத்துவிடுவார்கள். போனுக்குள்ளும் ஒரு சின்ன சர்க்யூட் இந்த மடை வேலையைச் செய்கிறது. பேட்டரி காலியாக இருக்கும்போது அகலத் திறக்கும். எண்பது சதவீதத்தைத் தாண்டியதும் ஒடுக்கும். நிரம்பியதும் மூடிவிடும்.

ஆகவே 2 ஆம்பியர் போனை 3 ஆம்பியர் சார்ஜரில் போடலாமா என்று பயப்பட வேண்டாம். யு.எஸ்.பி. சார்ஜர் எதுவானாலும் முதலில் தருவது 5 வோல்ட் மட்டுமே. போனும் சார்ஜரும் கேபிள் வழியாகப் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 9 வோல்ட், 11 வோல்ட் என்று ஏறும். மொழி புரியாவிட்டால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஒரு கம்பெனியின் ஃபாஸ்ட் சார்ஜரில் வேறு கம்பெனி போனைப் போட்டால் மெதுவாக ஏறுவது இதனால்தான். போனுக்கு ஆபத்து எதுவும் இல்லை, நேரம்தான் கூடும்.

பழைய காலத்தில் இப்படி இல்லை. நோக்கியாவுக்குத் தடித்த பின், ஒல்லி பின் என்று இரண்டு. மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு வாய். சார்ஜர்களின் வோல்டேஜும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது. மாற்றிப் போடாதே என்று பெரியவர்கள் சொன்னதில் அன்று நியாயம் இருந்தது. 2009 ஜூனில் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் பெரிய போன் கம்பெனிகள் மைக்ரோ யு.எஸ்.பி.க்கு ஒத்துக்கொண்டன. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு டைப்-சி போர்ட் கட்டாயமாயிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. ஒரே சார்ஜரில் வீட்டில் உள்ள எல்லா போன்களையும் போடலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

சும்மா செருகியிருந்தால்?

போனைக் கழற்றிவிட்டு சார்ஜரை மட்டும் சுவரிலேயே விட்டோம். அரை மணி நேரம் பார்த்தும் மீட்டர் ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்ஸுக்கும் குறைவாகவே எடுக்கும். மீட்டரால் அவ்வளவு சின்ன அளவைத் தனியாக உணரவே முடியாமலும் போகலாம். கணக்கில் சேர்த்தாலும் வருடம் முழுவதும் சேர்ந்து 0.9 யூனிட்தான்.

முன்பு கையில் கனமாக இருந்த டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்களின் கதை வேறு. சும்மா இருந்தே 1 வாட் எடுத்தால் வருடத்துக்கு சுமார் 9 யூனிட் ஆகும். இன்றைய போனை வருடம் முழுவதும் தினமும் சார்ஜ் செய்வதற்கு ஆகும் அளவு அது! இதைக் குறைக்க 2008 நவம்பரில் நோக்கியா, சாம்சங், மோட்டரோலா, எல்.ஜி., சோனி எரிக்சன் ஆகிய ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து சார்ஜர்களுக்கு நட்சத்திர மதிப்பு கொண்டுவந்தன. சும்மா இருக்கும்போது 0.03 வாட்ஸுக்குள் எடுத்தால் 5 நட்சத்திரம். 0.5 வாட்ஸைத் தாண்டினால் நட்சத்திரமே இல்லை.

ஆகவே சார்ஜரின் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம். ஆனால் பில் குறையும் என்பதற்காக அல்ல. இடி மின்னல் சமயத்தில் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

அப்படியானால் 26 யூனிட் எங்கே போயிற்று?

அக்கா விடவில்லை. "போன் இல்லைன்னா வேற இன்னா? பில்லு தானா ஏறுமா?" என்றார். நியாயமான கேள்வி. மகனிடம், அவன் போனை எங்கே சார்ஜ் செய்கிறான் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்லதான். ராத்திரி யு.எஸ்.பி.ல போட்டுட்டுப் படுத்துடுவேன். அதுக்குத் தனியாக் கரண்ட் ஆகாது இல்லையா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரைப் பொருத்திய அன்று, "போனையும் இதிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் தம்பி" என்று சொன்னவன் நான்தான். கம்ப்யூட்டர் ஓடும்போது என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டரை மட்டும் போட்டு மீட்டரைப் பார்த்தோம். மானிட்டரோடு 14 நொடிக்கு ஒரு சிமிட்டல், 80 வாட்ஸ். மானிட்டர் இருண்டபின் 22 நொடிக்கு ஒன்று, சுமார் 50 வாட்ஸ். திரை இருட்டாக இருந்தாலும் கேபினெட்டுக்குள் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரவு 8 மணி நேரத்துக்கு 0.4 யூனிட். போனுக்குத் தேவையான 0.025 யூனிட்டை ஏற்ற 16 மடங்கு செலவு! வண்டிக்கூலி சரக்கின் விலையைப் போலப் பதினாறு மடங்கு.

ஏன் விடிய விடிய ஆகிறது என்பதையும் பார்க்கலாம். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 போர்ட் விதிப்படி தருவது 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட்ஸ். நீல நிற வாய் கொண்ட 3.0 போர்ட் 0.9 ஆம்பியர், 4.5 வாட்ஸ். இன்றைய பெரிய பேட்டரியை 2.5 வாட்ஸில் நிரப்ப ஓர் இரவு முழுவதும் வேண்டும்.

மகன் நோட்டில் மறுபடி கணக்குப் போட்டான். இரவில் 0.4 யூனிட். மாலையில் 5 மணி நேரம் பாடமும் விளையாட்டும், 80 வாட்ஸில் அதுவும் 0.4 யூனிட். நாளைக்கு 0.8. முப்பது நாளுக்கு 24 யூனிட். பில்லில் கூடியது 26. மீதி 2 யூனிட்டுக்கு அந்த மாத வெயிலும் ஃபேனும் போதும். நோட்டை அம்மாவிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். யூனிட் கூடக் கூட மேல் படியில் உள்ள யூனிட்டுக்கு விலை அதிகம். புதிதாகச் சேரும் 24 யூனிட்டும் மேல் படியில்தான் போய் உட்காரும். அதனால் பில்லில் தொகை நாம் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாடிப்படியைப் பார்த்து, "டேய் பசங்களா, கீழ வந்து டீ குடிச்சிட்டுப் போங்க" என்று குரல் கொடுத்தார். 50 ரூபாய்ப் பேச்சு அதோடு முடிந்தது.

கம்ப்யூட்டரில் போடவே கூடாதா?

தாராளமாகப் போடலாம். கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது போனையும் செருகினால் கூடுதலாக ஆவது 3 வாட்ஸ் அளவுதான். போனுக்காக மட்டும் கம்ப்யூட்டரை ஓடவிடுவதுதான் தவறு. இந்த நான்கையும் நினைவில் வையுங்கள்:

1. விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், பிறகு பவர் என்று செல்லுங்கள். அங்கே ஸ்கிரீன் அணைய ஒரு நேரமும், கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குச் செல்ல ஒரு நேரமும் கொடுக்கலாம். 10 நிமிடம், 20 நிமிடம் என்று வைத்திடுங்கள். ஸ்லீப் நிலையில் கம்ப்யூட்டர் சில வாட்ஸ் மட்டுமே எடுக்கும்.

2. சில கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் செய்த பிறகும் ஒன்றிரண்டு யு.எஸ்.பி. போர்ட்களில் மின்சாரம் இருக்கும். போனைச் செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

3. போனைச் செருகியும் அதிலுள்ள படங்கள் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? முதலில் போன் திரையில் கேட்கும் அனுமதியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், தகவலுக்கான கம்பி இருக்காது.

4. மின்இணைப்பு இல்லாத யு.எஸ்.பி. ஹப்பில் இரண்டு மூன்று போன்களைச் செருக வேண்டாம். ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான் அது பங்கு போடுகிறது.

கரண்ட் ஒன்றுதான், பாதுகாப்பு ஒன்றல்ல

கிளம்பும்போது மூன்றாமவர் தன்னிடமிருந்த இன்னொரு சார்ஜரைக் காட்டினார். வாரச் சந்தையில் வாங்கியதாம். கையில் எடுத்தால் காலித் தீப்பெட்டி போல இருந்தது. கம்பெனி பெயரில் ஓர் எழுத்து தவறு. "இதுவும் அதே கரண்ட்தானே அண்ணா?" என்றார். கரண்ட் அதேதான். ஆனால் இதைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

சார்ஜரின் ஒரு பக்கம் 230 வோல்ட். மறுபக்கம் உங்கள் கையில் இருக்கும் போன். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான் காவல். நல்ல சார்ஜரில் இந்த இடைவெளியும் இன்சுலேஷனும் விதிப்படி இருக்கும். போலி சார்ஜரில் காசை மிச்சம் பிடிப்பது இங்கேதான். 2013 ஜூலையில் சீனாவில் ஒரு பெண் சார்ஜில் இருந்த போனை எடுத்தபோது மின்சாரம் தாக்கி இறந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனம், சந்தேகத்துக்குரிய சார்ஜர்களை வாங்கிக்கொண்டு குறைந்த விலையில் அசல் சார்ஜர் தரும் திட்டத்தை அறிவித்தது. 2016இல் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலி சார்ஜர்களைச் சோதித்தபோது, மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் அளவுக்கு இன்சுலேஷன் இருந்தவை 3 மட்டுமே.

நம் நாட்டில் மொபைல் சார்ஜர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். சார்ஜரின் உடலில் தர முத்திரையும் ஆங்கில எழுத்து ஆர், ஒரு கோடு, அதன்பின் எட்டு இலக்கம் என்ற பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பை போனில் இறக்கி, அந்த எண்ணைக் கொடுத்தால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கியது என்று காட்டும். கடையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம். எண் இல்லாத சார்ஜர், எண் பொருந்தாத சார்ஜர் இரண்டும் வேண்டாம்.

சார்ஜ் ஏறும்போது போனின் உலோக விளிம்பைத் தொட்டால் சுள்ளென்கிறதா? சார்ஜரை மாற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் செருகும்போது மட்டும் அப்படி இருந்தால், கம்ப்யூட்டர் கேபினெட்டையும் புறங்கையால் லேசாகத் தொட்டால் அதே சுள்ளல் இருக்கும். வீட்டில் எர்த் சரியில்லை என்பதற்கான அடையாளம் அது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை, எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் மின்னழுத்தத்தைத் தேக்கிவிடும். யு.எஸ்.பி. கேபிளின் வெளி உறை வழியாக அது போனுக்கும் வரும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றி உபயோகிக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்யுங்கள். கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டிய செலவு இது.

புயல் நாளில்

நம் பகுதியில் கரண்ட் நிற்கும் நாட்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இரண்டு முறையும் கிராமங்களில் கரண்ட் உடனே திரும்பவில்லை. போன் இல்லாமல் உறவினர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாத தவிப்பு, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் லேப்டாப் உங்களுக்கு ஒரு பெரிய பேட்டரி. சாதாரண லேப்டாப் பேட்டரியில் 40 முதல் 50 வாட் மணி இருக்கும். உங்கள் போனுக்கு வேண்டியது 19. லேப்டாப்பில் வேறு வேலை செய்யாமல் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஒரு போனை முழுதாக ஏற்றிவிடலாம். மூடி வைத்தாலும் மின்சாரம் தரும் போர்ட் உங்கள் லேப்டாப்பில் இருந்தால் இரண்டாவது போனுக்கும் ஓரளவு கிடைக்கும். பவர் பேங்க் 10,000 எம்.ஏ.எச். என்றால் 5,000 போனை இரண்டு முறை ஏற்றும் என்று நினைக்காதீர்கள். வோல்டேஜை மாற்றுவதில் இழப்பு உண்டு. ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததுமே லேப்டாப், பவர் பேங்க், போன் மூன்றையும் நிரப்பி வையுங்கள். அதற்கு ஆகும் செலவு அரை ரூபாய், ஒரு ரூபாய்க்கு மேல் போகாது.

இப்போது அக்காவின் மகன் தன் போனைச் சுவர் சார்ஜரில்தான் போடுகிறான். படுக்கும் முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுகிறான். அடுத்த பில்லில் யூனிட் குறைந்தது. மாடியில் மூவரும் அதே அறையில் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் யார் மேலாவது இப்படி ஒரு பழி இருந்தால், பேச்சை நிறுத்திவிட்டு மீட்டரிடம் போங்கள். ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். செய்து பாருங்களேன்.